மினி எக்ஸ்கவேட்டரில் ரப்பர் டிராக் அடிக்கடி கழல்கிறது: புதிய டிராக் வாங்கத்தான் வேண்டுமா?

மார்ச் 4, மாலை (கேள்வி)

மூன்று டன் மினி எக்ஸ்கவேட்டர். இடது ரப்பர் டிராக் அடிக்கடி கழன்றுவிடுகிறது. பெரும்பாலும் திரும்பும்போது, முன்னால் ஐட்லர் (டிராக் சுற்றி வரும் முன்சக்கரம்) பக்கத்திலிருந்து. கிரீஸ் அடித்து இறுக்கினால் இரண்டு மூன்று நாள் நிற்கிறது. பிறகு மறுபடியும் தொளதொளவென்று ஆகிவிடுகிறது. இரண்டு லீவரையும் ஒன்றாகத் தள்ளினாலும் வண்டி இடது பக்கம் இழுக்கிறது. பார்க்க வந்த மெக்கானிக், டிராக் நீண்டுவிட்டது, ஜோடியாக மாற்றிவிடுங்கள் என்கிறார். டிராக்கின் மேல் 300×52.5×80 என்று இருக்கிறது. பட்டன் (வெளியே மண்ணைப் பிடிக்கும் ரப்பர் கட்டை) பாதிக்கு மேல் மிச்சம். வாங்கிவிடுவதா, வேறு எதையாவது பார்ப்பதா?

மார்ச் 4, இரவு

வாங்காதீர்கள். பட்டன் பாதிக்கு மேல் இருக்கும் டிராக்கைக் கழற்றி எறிவதற்கு முன் அதன் உள்ளே இருப்பவற்றைப் பாருங்கள்.

நீண்டுவிட்டது என்ற பேச்சு இரும்புச் சங்கிலி டிராக்கிலிருந்து வந்தது. அங்கே ஒவ்வொரு இணைப்பிலும் பின்னும் புஷ்ஷும் தேய்கின்றன. ஒவ்வொன்றும் துளித் துளியாகத் தேய்ந்தாலும் மொத்தச் சங்கிலி கண்ணுக்குத் தெரியும்படி நீளும். ரப்பர் டிராக்கில் அப்படிப்பட்ட இணைப்பே கிடையாது. ரப்பருக்குள் எஃகுக் கம்பி வடங்கள் சுற்று முழுவதும் ஓடுகின்றன. நீளத்தைப் பிடித்து நிற்பவை அவைதான். உங்கள் டிராக்கில் இருக்கும் எண்களையே எடுத்துக்கொள்ளுங்கள்: 300 மி.மீ. அகலம், ரப்பருக்குள் பதித்த, ஓட்டும் பல் பிடித்து இழுக்கும் இரும்புத் துண்டுக்கு இரும்புத் துண்டு 52.5 மி.மீ. இடைவெளி, அப்படி 80 துண்டுகள். சுற்றளவு 4,200 மி.மீ. அந்த வடங்கள் அறுந்தால் ஒழிய, அல்லது துண்டுகளின் பல் படும் முகம் நன்றாகத் தேய்ந்தால் ஒழிய, அந்தக் கணக்கு பெரிதாக மாறாது.

இரண்டு மூன்று நாளில் தளர்கிறது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். எந்த டிராக்கும் மூன்று நாளில் நீளாது. மூன்று நாளில் வெளியேறக்கூடியது ஒன்றுதான்: ஐட்லரை முன்னே தள்ளி டிராக்கை இறுக்கிப் பிடித்திருக்கும் கிரீஸ்.

நாளைக்கு இவற்றைப் பார்த்து எழுதுங்கள். அந்தக் கிரீஸை அடைத்து வைக்கும் டென்ஷன் வால்வு இருக்கும் ஓட்டையைத் துடைத்து, அதில் கிரீஸ் கசிந்த தடம் இருக்கிறதா? டிராக் கழன்றபோது வண்டியின் உள்பக்கமாகக் கழன்றதா, வெளிப்பக்கமாகவா? டிராக்கின் மேல் உருளும் கீழ் ரோலர்கள் எல்லாம் சுழல்கின்றனவா? டிராக்கை இழுத்து ஓட்டும் பல்சக்கரமான ஸ்ப்ராக்கெட்டின் பல் எப்படி இருக்கிறது?

மார்ச் 5, அதிகாலை

எந்தப் பக்கமாகக் கழன்றது என்று கேட்டதற்குக் காரணம் உண்டு. சரிவில் குறுக்காக ஓடும்போது வண்டி கீழ்நோக்கி நழுவப் பார்க்கும். டிராக் மண்ணைப் பிடித்துக்கொண்டு மேலேயே நிற்கும். அதனால் மேட்டுப் பக்க டிராக் வெளிப்பக்கமாகவும், பள்ளத்துப் பக்க டிராக் வண்டியின் உள்பக்கமாகவும் கழலும். இந்தக் கணக்குக்கு ஒத்துவந்தால் சரிவையும் ஓட்டும் முறையையும் சந்தேகிக்கலாம். சமதளத்தில், எந்தப் பக்கம் திரும்பினாலும் கழல்கிறது என்றால் தளர்ச்சி, தேய்ந்த ஐட்லர், தேய்ந்த ரோலர் விளிம்பு என்று உள்ளே தேட வேண்டும்.

மார்ச் 5, இரவு (கேள்வி கேட்டவர்)

சமதளத்தில்தான் கழல்கிறது, வெளிப்பக்கமாக. வால்வு ஓட்டை முழுக்க மண் அடைத்திருந்தது. சுரண்டி எடுத்தால் உள்ளே கறுப்பாக, மண்ணோடு குழைந்த கிரீஸ். கீழ் ரோலர்களில் நடுவில் ஒன்று கையால் சுழற்ற முடியவில்லை. ஸ்ப்ராக்கெட் பல் கொஞ்சம் கூர்மையாகத் தெரிகிறது. டென்ஷன் எவ்வளவு இருக்க வேண்டும் என்று சரியாகத் தெரியவில்லை, காலால் மிதித்துப் பார்த்து இறுக்குகிறோம்.

மார்ச் 6, காலை

காலால் மிதித்துப் பார்ப்பது அளவே இல்லை. வண்டியின் எடை டிராக்கின் மேல் இருக்கும்போது எதை மிதித்தாலும் உண்மை தெரியாது. டிராக்கைத் தரையிலிருந்து தூக்கி, அது தன் எடையில் தொங்கும்போதுதான் அளக்க வேண்டும்.

மேல்பகுதியை 90 பாகை திருப்பி, பூமும் ஆர்மும் செங்கோணத்துக்குச் சற்றுக் கூடுதலாக விரிந்திருக்க, பக்கெட்டின் முதுகைத் தரையில் அழுத்தினால் ஒரு பக்க டிராக் மேலே எழும். எழுந்தவுடன் சட்டத்துக்கு அடியில் கனமான மரக்கட்டைகளை அடுக்கிவிடுங்கள். ஹைட்ராலிக் மட்டும் தாங்கும் எடைக்கு அடியில் கையை நீட்டக் கூடாது. ஒரு ஹோஸ் வெடித்தால் போதும். பிறகு டிராக்கை மெதுவாக இரண்டு பக்கமும் சுழற்றி மண்ணை உதறிவிட்டு, நடு ரோலருக்கும் டிராக்கின் உள்முகத்துக்கும் இடையே உள்ள இடைவெளியை அளவுகோலால் அளந்துபாருங்கள். பல சிறிய இயந்திரங்களின் கையேடுகள் 10 முதல் 15 மி.மீ. என்கின்றன. சிலவற்றில் அதற்கு மேலும் உண்டு. உங்கள் கையேட்டில் உள்ள எண்தான் உங்களுக்கு.

இன்னொன்று, பலர் விட்டுவிடுவது. டிராக் வார்க்கப்படும்போது ஒரு இடத்தில் இரு முனைகள் சேருகின்றன. அந்தப் பகுதி மற்ற இடங்களைவிட விறைப்பாக இருக்கும். அது கீழே தொங்கும் பகுதியில் வந்து நின்றால் அளவு ஏமாற்றும். குபோட்டா நிறுவனத்தின் டிராக்குகளில் அந்த இடத்தில் ∞ என்று குறி இருக்கும். அந்தக் குறி ஐட்லருக்கும் ஸ்ப்ராக்கெட்டுக்கும் நடுவே, மேலே நிற்கும்படி வைத்து அளக்கச் சொல்கிறார்கள். குறி இல்லாத டிராக் என்றால் சுண்ணக்கட்டியால் ஒரு கோடு போட்டு, ஒவ்வொரு முறையும் அதே நிலையில் அளங்கள்.

மார்ச் 6, மதியம்

வால்வு ஓட்டையைப் பற்றி எழுதாமல் விட்டுவிட முடியாது.

டென்ஷன் அமைப்பு எளிமையானது. ஒரு சிலிண்டர், அதற்குள் கிரீஸ், கிரீஸ் பிஸ்டனைத் தள்ள, பிஸ்டன் பெரிய சுருள்வில்லையும் ஐட்லரையும் முன்னே தள்ளுகிறது. டிராக்கில் கல் சிக்கினால் வில் அமுங்கி வழிவிடும். கிரீஸ் வெளியேற இரண்டு வழிதான். ஒன்று வால்வு: அதன் இருக்கை, உள்ளே உள்ள குண்டு, கிரீஸ் ஏற்றும் முனையான நிப்பிள். மற்றொன்று பிஸ்டன் சீல். வால்வு என்றால் ஓட்டையில் தெரியும். சீல் என்றால் சட்டத்துக்கு உள்ளே, தண்டின் பக்கமாக வழிந்து தெரியும்.

உங்கள் வண்டியில் ஓட்டையில் கிரீஸ் இருந்தது. ஆனால் அதை மட்டும் வைத்து வால்வைக் குற்றம் சொல்ல வேண்டாம். கிரீஸ் கன்னைப் பிடுங்கும்போது சிந்தியதாகவும் இருக்கலாம். டீசலில் நனைத்த துணியால் ஓட்டையைச் சுத்தமாகத் துடைத்து, உலரவிட்டு, சரியான அளவுக்கு இறுக்கி, ஒருநாள் வேலை செய்யுங்கள். மாலையில் டார்ச் அடித்துப் பாருங்கள். வால்வு கசிந்தால் அதன் அறுகோணத் தலையைச் சுற்றிப் புதிய கிரீஸ் நூலிழைபோலப் பிதுங்கி நிற்கும், மேலே தூசி இன்னும் ஒட்டியிருக்காது. பழைய கிரீஸ் கறுத்து, மண் ஏறி, மந்தமாக இருக்கும். இரண்டும் பார்த்த உடனே வேறுபடும்.

மார்ச் 6, இரவு

இதைத் தனியாக எழுதுகிறேன், யாரும் தாண்டிப் போய்விடக் கூடாது.

அந்தச் சிலிண்டருக்குள் கிரீஸ் மிகக் கடுமையான அழுத்தத்தில் இருக்கிறது. வால்வைத் தளர்த்தும்போது முகத்தையோ கையையோ உடம்பையோ அதற்கு நேரே வைக்காதீர்கள். பக்கவாட்டில் நின்று, ஸ்பானரால் மிக மெதுவாக, கிரீஸ் எட்டிப் பார்க்கும்வரை மட்டும் திருப்புங்கள். ஒரு சுற்றுக்கு மேல் போகாதீர்கள். முழுவதும் கழற்றினால் வால்வே குண்டுபோலப் பாயும். நிப்பிளைத் தளர்த்தவே கூடாது, வால்வு மட்டும்தான்.

எங்களோடு வேலை செய்த ஒருவருக்குக் கிரீஸ் விரலில் பாய்ந்தது. வெளியே பார்த்தால் ஊசி குத்திய அளவுப் புள்ளி. ரத்தம்கூட இல்லை, வலியும் முதலில் பெரிதாக இல்லை. கழுவிவிட்டு வேலையைத் தொடரப் பார்த்தார். அன்று இரவே விரல் வீங்கி வெளுத்துவிட்டது. அறுவை சிகிச்சை செய்துதான் விரலைக் காப்பாற்றினார்கள். தோலுக்கு அடியில் பாய்ந்த கிரீஸ் தசைநார் வழியே பரவி உள்ளிருந்தே திசுவைக் கொல்கிறது. சிறு புள்ளி என்று நினைக்காமல், அந்த மணி நேரத்திலேயே மருத்துவமனைக்குப் போய், அழுத்தத்தில் கிரீஸ் உள்ளே பாய்ந்தது என்று அதே வார்த்தைகளில் சொல்ல வேண்டும். அப்படிச் சொல்லாவிட்டால் சிறிய காயம் என்று கட்டுப்போட்டு அனுப்பிவிடக்கூடும்.

மார்ச் 7, மாலை (இன்னொரு வாசகர்)

இவ்வளவு அளவெல்லாம் எதற்கு? நான் தொய்வே இல்லாமல் கம்பிபோல இறுக்கிவிடுவேன். என் வண்டியில் ஒருமுறைகூடக் கழன்றதில்லை.

மார்ச் 7, இரவு

கழலாது, உண்மை. அதற்கான விலையை ஐட்லர் பேரிங்கும், ஸ்ப்ராக்கெட்டும், அதைச் சுழற்றும் பயண மோட்டாரின் கியர்பாக்ஸும் கட்டிக்கொண்டிருக்கும். அளவுக்கு மேல் இறுக்கிய டிராக்கை ஓட்டவே மோட்டாரின் சக்தியில் ஒரு பங்கு போய்விடும். இரும்புத் துண்டுகள் ஸ்ப்ராக்கெட்டைச் சுற்றி வளையும் ஒவ்வொரு முறையும் வடங்கள் கூடுதலாக இழுபடுகின்றன. ஒருநாள் ஒரு கல் உள்ளே புகுந்தால், விட்டுக்கொடுக்க இடமில்லாமல் வடம் அறும். வெளியே ரப்பரில் ஒன்றும் தெரியாது. உள்ளே அறுந்த இடத்தில் ஈரம் இறங்கித் துருப்பிடித்து, சில வாரம் கழித்து டிராக் இரண்டாகும்.

நேற்றைய 10 முதல் 15 மி.மீ. எண்ணுக்கும் ஒரு திருத்தம் சேர்க்கிறேன். ஒட்டும் களிமண்ணில் வேலை செய்பவர்கள் சுத்தமான டிராக்கில் அளந்து அந்த வரம்பின் இறுக்கமான முனையில் வைக்காதீர்கள். மண் ஸ்ப்ராக்கெட் பற்களுக்கும் ரோலர்களுக்கும் இடையே அடைந்து, டிராக்கை உள்ளிருந்து வெளியே தள்ளி இறுக்கிவிடும். காலையில் சரியாக இருந்த டிராக் மாலையில் முறுக்கேறி நிற்பதன் காரணம் இதுதான். அங்கே வரம்புக்குள்ளேயே தளர்ந்த முனைக்கு அருகில் வைத்து, நாள் முடிவில் மண்ணை வெட்டி எடுப்பதுதான் வழி.

மார்ச் 8, காலை

சுழலாத ரோலர். அதை மறந்துவிட்டீர்களோ என்று நினைக்கிறேன், வால்வைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறோம்.

மண்ணைக் கழுவிவிட்டு மறுபடி பாருங்கள். மண் இறுகிக் காய்ந்து பிடித்திருந்தால் கழுவியதும் சுழலும். கழுவிய பிறகும் சுழலாவிட்டால் பேரிங் போயிற்று. அடையாளங்கள்: பக்கத்தில் எண்ணெய் வழிந்த கோடு, ரோலரின் ஒரு பக்கம் தட்டையாகத் தேய்ந்த முகம். இறுகிய ரோலரின் மேல் டிராக் உருளாமல் உரசிக்கொண்டே போகும். உள்ளே நீட்டிக்கொண்டிருக்கும் இரட்டை இரும்பு முனைகளின் ஒரு பக்கம் மட்டும் கண்ணாடிபோலப் பளபளத்திருக்கும். விரலால் தடவினால் அந்தப் பக்கம் கத்தி விளிம்புபோல இருக்கும், எதிர்ப்பக்கம் வார்ப்பின் சொரசொரப்பு அப்படியே இருக்கும். டிராக் எந்தப் பக்கம் ஒதுங்கி ஓடியது என்பதை அந்தப் பளபளப்பு சொல்லும்.

மேல் ரோலர் உள்ள வண்டி என்றால் அதையும் விட்டுவிடாதீர்கள். மண் விழுந்து முதலில் இறுகுவது பெரும்பாலும் அதுதான்.

மார்ச் 9, இரவு (கேள்வி கேட்டவர்)

ரோலர் கழுவியதும் சுழல்கிறது, மண்தான். வால்வைத் துடைத்து ஒருநாள் ஓட்டிப் பார்த்தேன். நீங்கள் சொன்னது போலவே புதிய கிரீஸ் பிதுங்கி நிற்கிறது. வால்வை மாற்ற வேண்டுமென்று டென்ஷனை இறக்கினால், கிரீஸ் கொஞ்சம் வந்தது, ஐட்லர் பின்வாங்கவே இல்லை. மெக்கானிக், வில்லைக் கழற்றிப் பார்க்கலாம் என்கிறார்.

மார்ச் 9, சற்று நேரம் கழித்து

வில்லைத் தொட வேண்டாம்! அந்த வில் தொழிற்சாலையில் அழுத்தி, நட்டு போட்டுப் பூட்டியது. டிராக் கழன்று கிடந்தாலும், கிரீஸ் முழுவதும் போனாலும், அதற்குள் அமுங்கிய சக்தி அப்படியே இருக்கிறது. பிரஸ் இல்லாமல் அந்த நட்டைக் கழற்றியவர்களும், கேஸ் கட்டிங் வைத்தவர்களும் உயிரை விட்டிருக்கிறார்கள். அது பட்டறை வேலை, அதற்கான கருவியுடன்.

ஐட்லர் பின்வாங்காததற்குச் சாதாரணக் காரணம் மண். ஐட்லரின் தாங்கி ஓடும் பள்ளத்தில் மண்ணும் சிறு கல்லும் காய்ந்து இறுகி அடைத்திருக்கும். முதலில் தண்ணீர் ஊற்றி ஊறவிடுங்கள். கம்பியால் குத்தி எடுங்கள். பிறகு வண்டியைத் தூக்கிய நிலையில் டிராக்கை மெதுவாக முன்னும் பின்னும் சுழற்றினால், டிராக்கே ஐட்லரை உள்ளே தள்ளும். அப்படிச் சுழற்றும்போது வால்வுக்கு எதிரே ஆள் நிற்கக் கூடாது. சிக்கியிருந்த அழுத்தம் அந்தக் கணத்தில்தான் வெளியேறும். கிரீஸ் வரவில்லை என்று வால்வை மேலும் மேலும் திருப்புவதுதான் இதில் ஆபத்தான செயல்.

மார்ச் 11, மாலை

ஐட்லர் உள்ளே போய்விட்டது, வால்வும் மாற்றியாகிவிட்டது, டிராக்கை எப்படி ஏற்றுவது என்று கேள்வி கேட்டவர் தனியாகக் கேட்டிருக்கிறார். எல்லோருக்கும் பயன்படும் என்பதால் இங்கேயே எழுதுகிறேன்.

மூன்று நான்கு பேர் கடப்பாரை போட்டு நெம்புவதைப் பல இடங்களில் பார்க்கிறேன். தேவையில்லை. ஐட்லர் முழுவதும் உள்ளே போயிருக்கிறதா என்று பாருங்கள். டிராக்கை முதலில் ஸ்ப்ராக்கெட்டில் மாட்டி, பற்கள் இரும்புத் துண்டுகளின் இடையில் சரியாக உட்காரட்டும். பிறகு முன்பக்கத்தில் டிராக்கின் உள்ளே, இரும்பு முனைகளுக்கு இடையே குறுக்காக ஒரு இரும்புக் குழாயைச் செருகி, ஸ்ப்ராக்கெட்டைப் பின்னோக்கி மிக மெதுவாகச் சுழற்றுங்கள். குழாய் ஐட்லரை நெருங்கும்போது டிராக்கைத் தூக்கிப் பிடிக்கும். அங்கே நிறுத்திவிட்டு, டிராக்கை ஐட்லர் மேல் பக்கவாட்டில் தள்ளினால் ஏறிவிடும். குழாயை எடுத்துவிட்டுக் கிரீஸ் அடியுங்கள்.

லீவரில் இருப்பவரும் டிராக்குக்கு அருகில் இருப்பவரும் ஒருவரை ஒருவர் பார்க்க முடிய வேண்டும். கை டிராக்கின் மேல் இருக்கும்போது லீவர் அசையக் கூடாது. கையை எடுத்துவிட்டேன் என்று வாய்விட்டுச் சொன்ன பிறகுதான் அடுத்த சுழற்சி. ஸ்ப்ராக்கெட்டுக்கும் டிராக்குக்கும் இடையே விரல் போனால் திரும்ப வராது.

மார்ச் 14, காலை (கேள்வி கேட்டவர்)

மூன்று நாளாக டென்ஷன் நிற்கிறது. டிராக் கழலவில்லை. ஆனால் வண்டி இன்னும் இடது பக்கம்தான் இழுக்கிறது. ஒரு நண்பர், வலது டிராக் புதிது, இடது பழையது, அந்த வித்தியாசம்தான் என்கிறார்.

மார்ச் 14, மதியம்

முதல் நாள் இதை நான் தொடவில்லை, ஒரு நேரத்தில் ஒரு கோளாறு என்று. இப்போது பார்க்கலாம்.

பட்டன் தேய்ந்ததால் வண்டி இழுக்காது. டயர் என்றால் விட்டம் குறைந்து ஒரு சுற்றில் ஓடும் தூரம் குறையும். இங்கே ஸ்ப்ராக்கெட் ஒரு பல் நகர்ந்தால் டிராக் 52.5 மி.மீ. நகரும்; பட்டன் முழுதாக இருந்தாலும் சரி, மொழுக்கென்று ஆனாலும் சரி. சேற்றில் பிடிமானம் வேறுபடும், சமதளத்தில் வண்டி சற்றுச் சாய்ந்து நிற்கலாம், அவ்வளவுதான். ஜோடியாக மாற்றியே ஆக வேண்டும் என்பதற்கு இது காரணம் ஆகாது.

இடது பக்கம் இழுக்கிறது என்றால் இடது ஸ்ப்ராக்கெட் மெதுவாகச் சுழல்கிறது. அல்லது ஸ்ப்ராக்கெட் சுழன்று டிராக்குக்குள் பல் தாண்டுகிறது. அப்படியென்றால் டக் டக் என்று பெரிய சத்தம் வரும், அது தளர்ச்சியின் அடையாளம். உங்களுக்கு டென்ஷன் சரியாகிவிட்டதால் முதலாவதைப் பாருங்கள்.

எண்ணெய் சூடான பிறகு, ஒரே த்ராட்டில் நிலையில், ஒரு பக்கத்தைத் தூக்கி, ஸ்ப்ராக்கெட்டில் சுண்ணக்கோடு போட்டு, சில சுற்றுகளுக்கு ஆகும் நேரத்தை எடுங்கள். மறுபக்கமும் அப்படியே. மெதுவான வேகத்திலும் விரைவான வேகத்திலும் தனித்தனியாக. மெதுவான வேகத்தில் மட்டும் வித்தியாசம் இருந்தால், ஒரு மோட்டார் விரைவு நிலையிலேயே சிக்கிக்கொண்டிருக்கலாம். அப்போது குற்றவாளி வேகமாக ஓடும் பக்கம். காற்றில் இரண்டும் சமமாகச் சுழன்று, தரையில் மட்டும் ஒன்று பின்தங்கினால், சுமை ஏறும்போது எண்ணெய் உள்ளே எங்கோ கசிகிறது.

மார்ச் 14, மாலை

அதற்கு முன்பே செய்யக்கூடிய எளிய வேலை ஒன்று: பயண மோட்டாரின் கியர் எண்ணெயைத் திறந்து பாருங்கள். வடிகால் பிளக் நேர் கீழே வரும்படி ஸ்ப்ராக்கெட்டைத் திருப்பி நிறுத்தி, அளவு பிளக்கை மெதுவாகத் தளர்த்துங்கள். ஓட்டையின் கீழ் விளிம்புவரை எண்ணெய் இருப்பது சரியான அளவு. குறைவாக இருந்தால் வெளிச் சீல் கசிகிறது. பால்போல இருந்தால் தண்ணீர் புகுந்திருக்கிறது. மினுமினுக்கும் துகள் நிறைய இருந்தால் கியர் தேய்ந்துகொண்டிருக்கிறது. அளவுக்கு மேல் நிரம்பி, கியர் எண்ணெயின் தடிமன் இல்லாமல் நீர்த்துப் பாய்ந்து வந்தால், அது ஹைட்ராலிக் எண்ணெய். மோட்டாரின் தண்டுச் சீல் போய் கியர்பாக்ஸுக்குள் இறங்கிக்கொண்டிருக்கிறது.

மார்ச் 16, இரவு (கேள்வி கேட்டவர்)

காற்றில் இரண்டு பக்கமும் ஏறக்குறைய ஒரே நேரம். தரையில் இடது பின்தங்குகிறது, மேட்டில் இன்னும் அதிகமாக. இடது அளவு பிளக்கைத் தளர்த்தியதும் எண்ணெய் பீய்ச்சி அடித்தது, நீர்த்து இருக்கிறது.

மார்ச் 16, இரவு

அப்படியானால் தண்டுச் சீல் போயிருக்கிறது. ஆனால் சீல் மட்டும் போய் வண்டி இப்படி இழுக்காது. மோட்டாரின் உள் பாகங்களும் தேய்ந்து, உள்ளே கசியும் எண்ணெய் கூடியிருக்கலாம். உள்ளே கசியும் எண்ணெயைத் தொட்டிக்குத் திருப்பி அனுப்பும் கேஸ் டிரெய்ன் ஹோஸ் மடங்கியோ அடைத்தோ இருந்தாலும் மோட்டார் உறைக்குள் அழுத்தம் ஏறிச் சீலைத் தள்ளிவிடும். புதிய சீல் போடுவதற்கு முன் அந்த மெல்லிய ஹோஸைக் கடைசிவரை பாருங்கள். இல்லாவிட்டால் புதிய சீலும் அதே வழியில் போகும்.

மோட்டார்தானா, அதற்கு மேலே, வண்டியின் மேல்பகுதி சுழன்றாலும் எண்ணெயைக் கீழே கடத்தும் சென்டர் ஜாயிண்ட்டா என்று உறுதி செய்ய ஒரு வழி. இன்ஜினை நிறுத்தி, லீவர்களை அசைத்து அழுத்தத்தை இறக்கிவிட்டு, சென்டர் ஜாயிண்ட்டுக்குக் கீழே இடது, வலது பயண ஹோஸ்களை ஒன்றுக்கொன்று மாற்றி மாட்டுங்கள். பலவீனம் வலது பக்கத்துக்குப் போனால் கோளாறு மேலே: ஜாயிண்ட் சீல், வால்வு அல்லது பம்ப். இடது பக்கத்திலேயே நின்றால் மோட்டார் அல்லது அதன் பிரேக். இந்தச் சோதனையின்போது இடது லீவர் வலது டிராக்கை ஓட்டும். திறந்த இடத்தில், அருகில் யாரும் இல்லாமல் செய்யுங்கள். ஹோஸ் கழற்றும் இடத்தைச் சுத்தமாகக் கழுவிவிட்டுத்தான் கழற்ற வேண்டும், ஒரு மணல் துகள் மோட்டாருக்குள் போனால் போதும்.

மார்ச் 19

இதற்கு இடையே வேறொருவர் ஸ்ப்ராக்கெட்டைப் பற்றிக் கேட்டிருக்கிறார்: பல்லுக்கு வெல்டிங் ஏற்றலாமா? செய்யாதீர்கள். பல்லின் வடிவம் இரும்புத் துண்டின் இடைவெளியோடு பொருந்த வேண்டும். கையால் ஏற்றி உரசிய பல் ஒவ்வொன்றும் ஒரு விதமாக இருந்து துண்டுகளைப் பிடுங்கி எடுக்கும். பல் ஒரு பக்கம் மட்டும் கொக்கியாகத் தேய்ந்திருந்தால், வடிவம் இருபுறமும் ஒன்றாக உள்ள ஸ்ப்ராக்கெட்டுகளை இடமும் வலமும் மாற்றி மாட்டி, தேயாத முகத்தை வேலைக்குக் கொண்டுவரலாம். அதற்கு மேல் தேய்ந்திருந்தால் புதிதுதான். புதிய டிராக்கைத் தேய்ந்த ஸ்ப்ராக்கெட்டில் மாட்டுவதைப் போல வீண் வேலை வேறில்லை.

ஓட்டும் முறையும் பல்லைத் தின்னும். பிளேடு முன்னால், ஸ்ப்ராக்கெட் பின்னால் இருக்க ஓட்டினால், தரையில் கிடக்கும் டிராக்கை ஸ்ப்ராக்கெட் நேராக இழுக்கிறது. மேல்பக்கம் தளர்வாகத் திரும்பிப் போகிறது. நீண்ட தூரம் ஸ்ப்ராக்கெட் முன்னால் இருக்க எதிர்த்திசையில் ஓட்டினால் மேல்பகுதி முழுவதும், ஐட்லரும், சேர்ந்து இழுபடும். நின்ற இடத்தில் சுழற்றித் திருப்புவதும் அப்படித்தான். இடம் இருக்கும்போது கொஞ்சம் முன்னே, கொஞ்சம் பின்னே என்று வளைந்து திரும்புங்கள். கருங்கல் ஜல்லியிலும் உடைத்த கான்கிரீட்டிலும் இது டிராக்கின் ஆயுளையே மாற்றிவிடும்.

மார்ச் 23, இரவு (கேள்வி கேட்டவர்)

ஹோஸ் மாற்றிப் பார்த்தோம், பலவீனம் இடது பக்கத்திலேயே நின்றது. மோட்டாரைப் பட்டறையில் பிரித்தார்கள். தண்டுச் சீல் கிழிந்திருந்தது, உள்ளே பிஸ்டன் பகுதியும் தேய்ந்திருந்தது. கேஸ் டிரெய்ன் ஹோஸ் ஒரு இடத்தில் சட்டத்தில் நசுங்கியிருந்தது. எல்லாம் மாற்றியாகிவிட்டது. வண்டி நேராக ஓடுகிறது. டிராக் பழையதேதான்.

மார்ச் 24, காலை

மிகுந்த மகிழ்ச்சி. ஒரே பக்கத்தில் ஒன்றோடொன்று தொடர்பில்லாத இரண்டு கோளாறுகள் இருந்ததால்தான் பழி முழுவதும் டிராக்கின் மேல் விழுந்தது.

அந்தப் பழைய டிராக்கை இப்போது நன்றாகப் பாருங்கள். மோட்டார் கசிந்தபோது எண்ணெய் உள்பக்கத்தில் வழிந்திருந்தால் சோப்பு நீரால் கழுவிவிடுங்கள். எண்ணெய் ஊறிய ரப்பர் உப்பி, மென்மையாகி, துண்டு துண்டாகப் பிய்யும். மேலோட்டமான வெடிப்புகள் வெயிலாலும் வயதாலும் வருபவை, அவற்றுக்காகக் கலங்க வேண்டாம். எஃகு வடம் வெளியே தெரியும் அளவுக்கு வெட்டு இருந்தாலோ, இரும்புத் துண்டு ஒன்றாவது பிய்ந்து போயிருந்தாலோ அந்த டிராக்கின் காலம் நெருங்கிவிட்டது என்று அர்த்தம். அப்போதும் அந்த ஒரு பக்க டிராக்கை மட்டும் மாற்றினால் போதும்.

மோட்டாரைக் கழற்றியபோது ஸ்ப்ராக்கெட் போல்ட்களையும் கழற்றியிருப்பார்கள். ஒருநாள் வேலை முடிந்ததும் டார்க் ரெஞ்சு வைத்து அவற்றைக் கையேட்டில் உள்ள அளவுக்கு மறுபடி சரிபாருங்கள். இடது டென்ஷனையும் அதே நேரத்தில், சுண்ணக்கோடு மேலே நிற்கும்படி வைத்து அளந்துவிடுங்கள்.